படகில் ஒயர் இழுக்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறிய, நடுத்தரப் படகுகளில் இரண்டு வகை மின்சாரம் ஓடும். ஒன்று, பேட்டரியிலிருந்து வரும் 12 அல்லது 24 வோல்ட் டிசி. இன்னொன்று, படகைக் கட்டியிருக்கும்போது கரையிலிருந்து கேபிள் வழியாக ஏறும் 120 அல்லது 230 வோல்ட் ஏசி. டிசியில் தீக்குப் பயப்பட வேண்டும், ஏசியில் தண்ணீருக்குப் பயப்பட வேண்டும். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளம்புபவைதான்.

12 வோல்ட் ஷாக்கே அடிக்காது. அதற்கு எதற்கு இத்தனை எச்சரிக்கை?

ஷாக் அடிக்காது என்பது சரி. உலர்ந்த கையால் பேட்டரியின் இரண்டு முனைகளையும் தொட்டால் ஒன்றும் தெரியாது. ஆனால் அதே முனைகளுக்குக் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால், நல்ல பேட்டரி கணநேரத்தில் ஆயிரம் ஆம்ப்புக்கு மேல் தள்ளிவிடும். ஸ்பேனர் பழுக்கக் காய்ந்து முனையோடு ஒட்டிக்கொள்ளும். விரலில் மோதிரம் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலையில் இறங்க வேண்டும்.

வோல்ட் குறைந்தால் ஆம்ப் ஏறும். 1,200 வாட் வேலைக்கு 230 வோல்ட்டில் 5 ஆம்ப்புக்குச் சற்று மேலே போதும். 12 வோல்ட்டில் 100 ஆம்ப் வேண்டும். ஒயரையும் இணைப்பையும் சூடாக்குவது இந்த ஆம்ப்தான். அதுவும் ஆம்ப் இருமடங்கானால் சூடு நான்கு மடங்காகும்.

இதைவிடப் பொல்லாதது லூஸ் கான்டாக்ட். ஓர் இணைப்பில் களிம்பு ஏறி 0.1 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வழியே 20 ஆம்ப் ஓடினால் அந்த ஒரே புள்ளியில் 40 வாட் சூடு கிளம்பும். ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னை மரச்சட்டத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் போன மாதிரி. ஃபியூஸுக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் ஆம்ப் கூடவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் குறைந்திருக்கும். ஒயரிங்கால் தீ என்றதும் எல்லோரும் ஷார்ட் சர்க்யூட்டைத்தான் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், சத்தமில்லாமல் ஏறும் இந்தச் சூட்டைத்தான் அதிகம் தேட வேண்டும்.

வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய ஒயரைப் படகில் போடலாமா?

ஒற்றைக் கம்பி ஒயர் என்றால் கண்டிப்பாகக் கூடாது. எஞ்சின் அதிர்விலும் அலையின் குலுக்கலிலும் அது வளைந்து வளைந்து ஒரு நாள் இன்சுலேஷனுக்குள்ளேயே ஒடியும். வெளியே பார்த்தால் ஒயர் நன்றாகத்தான் இருக்கும். படகுக்கு மெல்லிய இழைகள் பல சேர்ந்த ஒயர் வேண்டும்.

பல இழை ஒயரிலும் வெறும் செம்பு, வெள்ளீயம் பூசிய செம்பு என்று இரண்டு உண்டு. உப்புக்காற்று படும் இடத்தில் வெறும் செம்பின் இழைகளுக்கு நடுவே ஈரம் தந்துகி விசையால் ஏறிக்கொண்டே போகும். பழைய படகில் ஓர் ஒயரின் நுனியை வெட்டி உரித்துப் பாருங்கள். இழைகள் கறுத்து, விரலில் தேய்த்தால் கரிப்பொடி மாதிரி ஒட்டும். இன்னும் ஓர் அங்குலம் வெட்டுங்கள், மறுபடி கறுப்பு. பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போனால் சில சமயம் ஒயரே இணைப்புக்கு எட்டாமல் போய்விடும். வெள்ளீயம் பூசிய ஒயரில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. விலை கூடத்தான். ஆனால் பலகைகளைக் கழற்றி ஒயரை மாற்றும் உழைப்போடு ஒப்பிட்டால் அந்த வித்தியாசம் பெரிதல்ல.

இன்சுலேஷனையும் பாருங்கள். சாதாரண பிவிசி ஒயர் 70 டிகிரி வரை தாங்கும். படகுக்கென்று செய்யும் நல்ல ஒயர்கள் 105 டிகிரிக்கு வருகின்றன. எண்ணெயும் டீசலும் பட்டாலும் ஊறிப் போகாது. எஞ்சின் அறையில் இரண்டுமே தேவை.

எத்தனை சதுர மில்லிமீட்டர் ஒயர் போடுவது?

இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். ஒயர் சூடாகாமல் இந்த ஆம்ப்பைத் தாங்குமா? கடைசி முனையில் போதுமான வோல்ட் மிஞ்சுமா? வீட்டில் முதல் கேள்வியே பெரும்பாலும் போதும். 12 வோல்ட்டில் இரண்டாவதுதான் ஒயரின் கனத்தைத் தீர்மானிக்கும்.

கணக்கு சுலபம். ஒயரின் நீளத்தை மீட்டரில் எடுத்து 0.0175 ஆல் பெருக்கி, ஒயரின் சதுர மில்லிமீட்டரால் வகுத்தால் தடை ஓமில் வரும். அதை ஆம்ப்பால் பெருக்கினால் எத்தனை வோல்ட் வழியில் விழுகிறது என்று தெரியும். நீளம் என்பது போக வர இரண்டும் சேர்ந்தது. பலரும் போவதை மட்டும் அளந்துவிட்டு வருவதை விட்டுவிடுகிறார்கள், விழும் வோல்ட்டில் பாதி அப்படித்தான் கணக்கில் வராமல் போகிறது.

பேட்டரியிலிருந்து 10 மீட்டர் தள்ளி 5 ஆம்ப் இழுக்கும் ஃபிரிட்ஜ் ஒன்று இருக்கிறது. போக வர 20 மீட்டர். 2.5 சதுர மி.மீ. ஒயரில் தடை 0.14 ஓம், விழுவது 0.7 வோல்ட், அதாவது சுமார் 6 சதவீதம். பேட்டரி கொஞ்சம் இறங்கியதும் கம்ப்ரசர் கிளம்ப மறுத்துவிடும். 6 சதுர மி.மீ. போட்டால் விழுவது 0.3 வோல்ட்டுக்கும் கீழே, 2.4 சதவீதம்.

அமெரிக்கப் படகு தரநிர்ணய அமைப்பான ஏ.பி.ஒய்.சி. தன் இ-11 தரநிலையில் இரண்டு அளவு வைத்திருக்கிறது. வழிவிளக்குகள், எஞ்சின் அறை ஊதுவிசிறி, ஸ்விட்ச் பலகைக்குப் போகும் முதன்மை ஒயர், ரேடியோ போன்றவற்றில் 3 சதவீதத்துக்கு மேல் விழக்கூடாது. அறை விளக்கு மாதிரி முக்கியமில்லாதவற்றில் 10 சதவீதம் வரை போகலாம். முடிந்தவரை எல்லாவற்றுக்கும் 3 வைத்துக்கொள்வது நல்லது. அப்புறம், கணக்கில் 0.5 சதுர மி.மீ. போதும் என்று வந்தாலும் 1.5க்குக் கீழே போகாதீர்கள். மெல்லிய ஒயர் கரண்ட்டால் கெடுவதற்கு முன்னால் கை பட்டே அறுந்துவிடும்.

எஞ்சின் அறை வழியாகப் போகும் ஒயரும், பத்துப் பதினைந்தாகக் கட்டிப்போட்ட ஒயர்களும் சூட்டை வெளியே விட முடியாது. அங்கெல்லாம் ஓர் அளவு கனமாகப் போடுங்கள்.

ஃபியூஸ் எங்கே இருக்க வேண்டும்?

கரண்ட் கிளம்பும் இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை, அதன் கடைசியில் இருக்கும் கருவியை அல்ல. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையில் உள்ள துண்டு ஒயரைக் காப்பாற்ற யாருமில்லை. அது எங்காவது உரசி எஞ்சின் மேல் பட்டால் பேட்டரி தீரும்வரை எரியும்.

இ-11 தரநிலையில் அடிப்படை அளவு 7 அங்குலம், சுமார் 18 செ.மீ. ஒயரைக் குழாய்க்குள்ளோ கூடுதல் உறைக்குள்ளோ விட்டால் இன்னும் கொஞ்சம் தூரம் அனுமதி உண்டு. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் கனமான கேபிளுக்கு மட்டும் ஃபியூஸ் கட்டாயமில்லை; அதனால்தான் அதை உரசாமல் தாங்கிப் பிடிப்பதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

அளவு என்று வந்தால், கருவி இழுக்கும் ஆம்ப்பைவிடக் குறைந்தது கால் பங்கு கூடுதலாக, ஆனால் ஒயர் தாங்கும் ஆம்ப்பைத் தாண்டாமல். மேலே சொன்ன ஃபிரிட்ஜுக்கு, தயாரிப்பாளர் வேறு சொல்லாதவரை, 10 ஆம்ப் ஃபியூஸ் தாராளம். கனமான ஒயரிலிருந்து மெல்லிய ஒயர் பிரியும் ஒவ்வோர் இடத்திலும் மெல்லியதற்கென்று தனி ஃபியூஸ் வேண்டும். பலகையில் 30 ஆம்ப் ஃபியூஸ் இருக்கிறதே என்று அதிலிருந்து 1.5 சதுர மி.மீ. ஒயரைக் கிளை பிரித்தால், ஃபியூஸ் போவதற்குள் அந்த ஒயர் உருகிவிடும்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது. ஒரு சைஸ் பெரியதாகப் போடலாமா?

கூடாது. ஏன் போகிறது என்று பாருங்கள்.

ஒயரை முறுக்கி டேப் சுற்றினால் போதாதா? ஈயம் வைத்தால்?

முறுக்கி டேப் சுற்றுவது கரைக்குத் திரும்பும்வரை ஓட்டுவதற்கு மட்டும். டேப்பின் பசை வெயிலில் இளகி, உள்ளே ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, களிம்பை வளர்க்கும்.

ஈயம் பற்றி எப்போதும் சண்டை நடக்கும். ஈயம் வைத்த இடம் கரண்ட்டை நன்றாகவே கடத்தும். பிரச்சினை அது முடியும் இடத்தில். ஈயம் ஊறிய பகுதி கம்பி போல விறைத்துவிடும், அதற்கு அடுத்த பகுதி நெகிழ்வாக இருக்கும், அதிர்வு முழுவதும் அந்த எல்லையில் விழுந்து அங்கேயே ஒடியும். அதோடு இணைப்பு சூடானால் ஈயம் உருகி ஒயரை விட்டுவிடும். ஆகவே ஈயத்தை மட்டும் நம்பி இணைக்கக் கூடாது என்பதுதான் பொதுவான விதி.

படகுக்கு ஏற்றது கிரிம்ப், அதாவது ஒயர் நுனியில் ஓர் உலோக முனையை வைத்து அழுத்தி இறுக்குவது. ஒயர் அளவுக்குப் பொருந்தும் லக் (அந்த உலோக முனை), ராட்செட் வைத்த கிரிம்பிங் கருவி, உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கும் உறை). இந்த மூன்றில் நடுவில் உள்ளதில்தான் பலரும் சிக்கனம் பார்க்கிறார்கள். கட்டிங் பிளேயரால் நசுக்கிய லக் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். கையால் பலமாக இழுத்தால் ஒயர் வந்துவிடும். ராட்செட் கருவி முழு அழுத்தம் கொடுக்கும்வரை வாயைத் திறக்காது, அதுதான் அதன் அருமை. கிரிம்ப் செய்த ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். பிறகு ஸ்லீவைச் சூடு காட்டிச் சுருக்குங்கள். அதன் ஓரத்தில் பசை ஒரு மெல்லிய வளையமாகப் பிதுங்கி வர வேண்டும். பசை வரவில்லையென்றால் தண்ணீர் வரும்.

போல்ட்டில் மாட்டுவதற்கு முழு வளைய லக்தான் நல்லது, நட்டு சற்றுத் தளர்ந்தாலும் கழன்று விழாது. ஒரே போல்ட்டில் நான்கு லக்குக்கு மேல் அடுக்க வேண்டாம். அதிக ஆம்ப் போகும் லக் எல்லாவற்றுக்கும் அடியில், வாஷர் எல்லாவற்றுக்கும் மேலே. லக்குகளுக்கு இடையே வாஷரைச் செருகினால் மொத்தக் கரண்ட்டும் அந்த இரும்புத் தகடு வழியாகப் போக வேண்டியிருக்கும்.

இன்னொன்று: இணைப்பை மூடுவதற்குப் புளித்த வாடை அடிக்கும் சிலிக்கானைப் பூசாதீர்கள். அந்த வாடை அசிட்டிக் அமிலம், செம்பை அரிக்கும்.

ஒயரை எந்த வழியாகக் கொண்டுபோவது?

மேலே. படகின் அடியில் தண்ணீர் தேங்கும் பள்ளத்தை, பில்ஜ் என்பார்கள், தவிர்க்கவே முடியாவிட்டால் இடையில் இணைப்பே இல்லாத முழு ஒயராக அதைக் கடக்க வேண்டும். இணைப்புகள் எல்லாம் தண்ணீர் ஏறக்கூடிய மட்டத்துக்கு மேலே.

சுமார் 45 செ.மீ.க்கு ஒரு பிடிமானம் கொடுங்கள். தடுப்புப் பலகையில் துளையிட்டு ஒயரை நுழைக்கும்போது துளையின் விளிம்பில் ரப்பர் வளையம் போடாமல் விடாதீர்கள். பிளைவுட், ஃபைபர் கண்ணாடியின் வெட்டு விளிம்புகள் அரம் மாதிரியே வேலை செய்யும். எஞ்சினின் புகைக் குழாயிலிருந்து, தண்ணீரால் குளிர்வது என்றால் குறைந்தது 5 செ.மீ., உலர்ந்த குழாய் என்றால் 25 செ.மீ. தள்ளி. எரிபொருள் குழாயோடு ஒயரைச் சேர்த்துக் கட்டவே கூடாது.

எந்தக் கருவிக்குள் ஒயர் நுழைந்தாலும், நுழைவதற்கு முன் ஒரு தொங்கல் வளைவு விடுங்கள். ஒயர் வழியே வழிந்து வரும் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், கருவிக்குள் போகாது. திசைகாட்டிக்குப் பக்கத்தில் போகும் டிசி ஒயர்களில் போகிறதையும் வருகிறதையும் ஒன்றோடொன்று முறுக்கி விட்டால் காந்தப்புலம் ஒன்றையொன்று ரத்து செய்யும். முறுக்காவிட்டால் விளக்கைப் போட்டதும் ஊசி திரும்பும்.

காரில் நெகட்டிவ்வை பாடியோடு சேர்ப்பார்களே, இரும்பு அல்லது அலுமினியப் படகில் அப்படிச் செய்யலாமா?

வேண்டாம். படகின் உடல் வழியாகக் கரண்ட் திரும்பினால், தண்ணீருக்குள் இருக்கும் உலோகத்தை அது அரித்துவிடும், அலுமினியம் என்றால் வேகமாக. ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு ஒயர் போக வேண்டும். நெகட்டிவ் எல்லாம் ஒரு பஸ் பாருக்கு (பல ஒயர்களை ஒன்றுசேர்க்கும் உலோகப் பட்டை) திரும்பி, அங்கிருந்து ஒரே கனமான கேபிளாகப் பேட்டரிக்கு வரட்டும்.

ஒயர் நிறங்களுக்கு ஏதாவது விதி உண்டா?

டிசியில் பாசிட்டிவ் சிவப்பு. நெகட்டிவ் கறுப்பு அல்லது மஞ்சள். ஏசியில் நாட்டுக்கு நாடு மாறும்: ஐரோப்பிய முறையில் பேஸ் பழுப்பு, நியூட்ரல் நீலம், எர்த் பச்சை-மஞ்சள்; அமெரிக்க முறையில் பேஸ் கறுப்பு, நியூட்ரல் வெள்ளை, எர்த் பச்சை. இங்கேதான் உயிருக்கு உலை. அமெரிக்க முறையில் ஒயரிங் செய்த படகில் கறுப்பு ஒயர் என்றால் ஒன்று டிசி நெகட்டிவ், அல்லது 120 வோல்ட் பேஸ். ஏசி இருக்கும் படகில் டிசி நெகட்டிவ்வுக்கு மஞ்சள் போடச் சொல்வது இதனால்தான். ஏசியையும் டிசியையும் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். ஒரே பலகையில் இரண்டும் இருந்தால் ஏசி பக்கத்துக்குத் தனி மூடி வேண்டும்.

நிறத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். ஒயரின் இரண்டு முனையிலும் எண் ஒட்டி, அந்த எண்களை ஒரு தாளில் வரைந்து வையுங்கள்.

பில்ஜ் பம்ப்பை மெயின் ஸ்விட்ச் வழியாகக் கொடுக்கலாமா?

தானாக ஓடும் இணைப்பைக் கொடுக்காதீர்கள். மெயினை அணைத்துவிட்டு எல்லோரும் இறங்கிப் போன பிறகுதான் அந்தப் பம்ப்புக்கு வேலையே வரும். தண்ணீர் ஏறினால் தானே பம்ப்பைப் போடும் மிதவை ஸ்விட்ச்சுக்கான பாசிட்டிவ் ஒயர், தனி ஃபியூஸோடு, மெயின் ஸ்விட்ச்சுக்கு முன்னாலேயே பேட்டரியிலிருந்து கிளம்ப வேண்டும்.

இதில் ஃபியூஸின் அளவு மிக முக்கியம். விசிறியில் குப்பை சிக்கிப் பம்ப் நின்றுவிட்டால் மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு ஆம்ப் இழுத்துச் சூடாகும். தயாரிப்பாளர் சொன்ன ஃபியூஸ் என்றால் போய்விடும். கையில் கிடைத்த பெரிய ஃபியூஸ் என்றால் மோட்டார் எரியும். மிதவையும் பம்ப்பும் தண்ணீருக்குள்தான் கிடக்கும், ஆனால் அவற்றின் ஒயர் இணைப்பை எட்டும் அளவுக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள்.

பெட்ரோல் எஞ்சின் இருக்கும் படகில் கூடுதலாக என்ன?

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கீழே இறங்கிப் பில்ஜில் தங்கும். சாதாரண ஸ்விட்ச்சோ ரிலேயோ போடும்போது வரும் சின்னப் பொறி அதற்குப் போதும். எஞ்சின் அறையிலும் டேங்க் இருக்கும் இடத்திலும் பொறி வெளியே வராதபடி சோதித்துச் சான்று பெற்ற கருவிகளை மட்டுமே வைக்க வேண்டும், ஐ.எஸ்.ஓ. 8846 என்ற தரநிலை இதற்கென்றே இருக்கிறது. காருக்கு விற்கும் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது), ஸ்டார்ட்டர் உருவத்தில் ஒன்றாக இருந்தாலும் இந்தக் காப்பு அவற்றில் இருக்காது. சமையல் எரிவாயு சிலிண்டர் வைக்கும் இடத்துக்கும் இதே கதைதான்.

எஞ்சினைக் கிளப்பும் முன் ஊதுவிசிறியை நான்கு நிமிடம் ஓட விடுங்கள். அதற்கப்புறம் மூக்கையும் ஒரு தடவை உள்ளே நீட்டுங்கள்.

பேட்டரியை எப்படி வைக்க வேண்டும்?

அசையாமல். பெல்ட்டோ சட்டமோ போட்டு இறுக்கிய பிறகு எந்தப் பக்கம் தள்ளினாலும் ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. பாசிட்டிவ் முனைக்கு ரப்பர் மூடி வேண்டும். தண்ணீர் ஊற்றும் வகை என்றால் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கும், அது மேலே எழும் வாயு, ஆகவே பெட்டியின் உச்சியில் காற்று போக வழி வையுங்கள். பேட்டரிக்கு நேர் மேலே சார்ஜரையும் டீசல் வடிகட்டியையும் மாட்டாதீர்கள்.

லித்தியத்துக்கு மாறினால் பழைய ஒயரிங் போதுமா?

பெரும்பாலும் போதாது. இரும்பு பாஸ்பேட் வகை லித்தியம் பேட்டரிகளின் உள்தடை மிகக் குறைவு. ஷார்ட் ஆனால் வரும் ஆம்ப்பைச் சாதாரண ஃபியூஸால் வெட்டி நிறுத்த முடியாமல் போகலாம். உருகிய இடைவெளியில் மின்வில் தொடர்ந்து எரியும். 20,000 ஆம்ப் வரை வெட்டக்கூடிய டி வகை ஃபியூஸை முதன்மை ஃபியூஸாகப் போடுவது இதனால்தான்.

ஆல்டர்னேட்டர் விஷயம் தனி. ஈய பேட்டரி நிறைய நிறைய மெதுவாக வாங்கும். லித்தியம் கடைசிவரை அள்ளி வாங்கும், ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் ஓடிக் கருகும். போதாததற்கு, பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று நடுவில் திடீரென இணைப்பைத் துண்டித்தால் வோல்ட் எகிறி ஆல்டர்னேட்டரின் டையோடுகள் போகும். எஞ்சின் ஓடும்போது மெயின் ஸ்விட்ச்சை அணைத்தாலும் இதேதான் நடக்கும். ஆல்டர்னேட்டரை ஸ்டார்ட்டர் பேட்டரியோடு விட்டுவிட்டு, லித்தியத்துக்கு நடுவில் ஒரு டிசி-டிசி சார்ஜர் வைப்பது தலைவலி இல்லாத வழி.

கரை மின்சாரத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பிளக். 30 ஆம்ப் பிளக்கை ராத்திரி முழுவதும் ஏர் கண்டிஷனருக்கும் சார்ஜருக்கும் ஓடவிட்டால், சற்றுத் தளர்ந்த முனையில் 0.1 ஓம் தடைக்கு 90 வாட் சூடு. பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். பித்தளை முனையில் ஒன்று மட்டும் பழுத்துக் கறுத்திருந்தால், அல்லது சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால், பிளக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. படகில் உள்ள சாக்கெட்டும் அதே அளவு வெந்திருக்கும், இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். லோடு ஓடி அரைமணி ஆன பிறகு பிளக்கின் மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, சூடு கூடாது.

மாட்டும்போது கரையில் பிரேக்கரை அணைத்து, முதலில் படகு முனை, அப்புறம் கரை முனை. கழற்றும்போது கரை முனை முதலில். கேபிள் கை நழுவித் தண்ணீரில் விழுந்தாலும் அதில் கரண்ட் இருக்காது.

அடுத்தது கசிவைக் கண்டு துண்டிக்கும் பிரேக்கர். வீடுகளில் ஆர்சிசிபி என்று தெரிந்ததுதான். போகிற கரண்ட்டும் வருகிற கரண்ட்டும் 30 மில்லி ஆம்ப் வித்தியாசப்பட்டால் 100 மில்லி விநாடிக்குள் துண்டிக்க வேண்டும். கரை கேபிள் படகில் நுழையும் இடத்துக்குப் பக்கத்திலேயே அது இருக்கட்டும். மாதம் ஒரு முறை சோதனைப் பட்டனை அமுக்கிப் பாருங்கள்.

மூன்றாவது, தெரிந்த எலக்ட்ரீஷியன்களே தடுமாறும் இடம்: படகில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. கரை மின்சாரத்தில் அந்தச் சேர்க்கை கரையில் ஏற்கனவே இருக்கிறது. படகிலும் சேர்த்தால், திரும்பும் கரண்ட்டில் ஒரு பகுதி எர்த் வழியாகவும் படகைச் சுற்றியுள்ள தண்ணீர் வழியாகவும் போகும். ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ ஓடும்போது மட்டும், மின்சாரம் பிறக்கும் இடமாக அது ஆகிவிடுவதால், அதனிடத்தில் சேர்க்கை வேண்டும். கரை மின்சாரத்துக்கு மாறியதும் அது தானாகப் பிரிந்துவிட வேண்டும்.

கட்டியிருக்கும் படகுக்குப் பக்கத்தில் நீந்தலாமா?

கரை மின்சாரம் இருக்கும் துறையில் நீந்தவே கூடாது. ஆறு, ஏரி என்றால் இன்னும் மோசம். உப்புநீர் மனித உடம்பைவிட நன்றாகக் கடத்தும், கரண்ட் பெரும்பாலும் உடம்பைச் சுற்றிப் போய்விடும். நன்னீர் அவ்வளவு கடத்தாது, ஆகவே கசியும் கரண்ட் உடம்பு வழியாகப் போகிறது. பத்து, இருபது மில்லி ஆம்ப்பிலேயே தசைகள் பிடித்துக்கொண்டு கை கால் அசையாது. ஆள் சத்தமில்லாமல் மூழ்கிவிடுவார். பார்ப்பவருக்கு நீச்சல் தெரியாதவர் மூழ்கியதாகவே தோன்றும்.

தண்ணீரில் இருக்கும்போது உடம்பில் சுருக்சுருக்கென்று உணர்ந்தால் படகின் ஏணியை நோக்கி வராமல், வந்த வழியே விலகிப் போக வேண்டும். மேலே இருப்பவர் குதிக்கக் கூடாது. முதலில் கரையில் கரண்ட்டை நிறுத்தி, மிதவையை வீசி இழுக்க வேண்டும்.

உங்கள் படகு கசிகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மில்லி ஆம்ப் காட்டும் கிளாம்ப் மீட்டரை மொத்தக் கரை கேபிளையும் சுற்றி மாட்டுங்கள், ஒற்றை ஒயரை அல்ல. எல்லாக் கருவிகளும் ஓடும்போதும் அது சுழியத்தை ஒட்டியே காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் ஒவ்வொரு பிரேக்கராக அணைத்துப் பாருங்கள், எந்த இடத்தில் எண் விழுகிறதோ அங்கே கோளாறு.

கரை மின்சாரம் மாட்டியதிலிருந்து ப்ரொபெல்லர் அரிக்கிறது. எர்த்தைக் கழற்றிவிடலாமா?

அரிப்புக்குக் காரணத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். எர்த் ஒயர் உங்கள் படகின் உலோகத்தைப் பக்கத்துப் படகுகளின் உலோகத்தோடு சேர்த்து ஒரு பேட்டரி ஆக்கிவிடுகிறது. ஆனால் எர்த்தைக் கழற்றினால் அடுத்த கோளாறில் தண்ணீருக்கே கரண்ட் போகும். எர்த்தை விட்டுவிட்டு, அதன் நடுவில் கால்வானிக் ஐசொலேட்டர் வையுங்கள். சிறிய டிசி வோல்ட்டைத் தடுக்கும், ஆபத்தான ஏசியை விடும். வசதி இருந்தால், கரை ஒயரோடு நேரடித் தொடர்பில்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் அதைவிட நல்லது. மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தாமே அரிபடுவதற்கென்று மாட்டும் துத்தநாகக் கட்டிகள் சில வாரத்திலேயே கரைந்தால் மட்டும் சந்தேகம் வேறு பக்கம் போக வேண்டும்: அது பெரும்பாலும் பில்ஜில் எங்கோ கசியும் 12 வோல்ட்.

பழைய படகு வாங்கியிருக்கிறேன். எங்கே தொடங்குவது?

பேட்டரியிலிருந்து. முனையில் எத்தனை ஒயர் தொங்குகிறது என்று எண்ணுங்கள். முன்னாள் உரிமையாளர்கள் ஆளுக்கொன்றாக நேரே மாட்டியிருப்பார்கள், பாதிக்கு ஃபியூஸ் இருக்காது. ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டே போய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். எங்குமே முடியாத ஒயர்களை உருவி எறியுங்கள்.

பிறகு மல்டிமீட்டர். லோடு ஓடும்போது பேட்டரியில் 12.6 வோல்ட், வழிவிளக்கில் 11.5 என்றால் நடுவில் ஒரு வோல்ட்டுக்கு மேல் எங்கோ சூடாக மாறிக்கொண்டிருக்கிறது. லோடு இல்லாமல் அளந்தால் மோசமான இணைப்பும் 12.6 காட்டி ஏமாற்றும், இதை மறக்க வேண்டாம்.

நானே செய்யலாமா, ஆள் வைக்க வேண்டுமா?

டிசி வேலையைப் பொறுமையுள்ளவர் கற்றுக்கொண்டு செய்யலாம், பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு. ஏசி பக்கத்தைப் படகு ஒயரிங் தெரிந்தவரிடம் விடுங்கள். வீட்டு எலக்ட்ரீஷியன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், மேலே சொன்ன நியூட்ரல்-எர்த் விஷயத்தை அவரிடம் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒயர் கருகும் வாடை வருகிறது. முதலில் என்ன?

கரைக் கேபிள் இருந்தால் கரையில் அணைக்கவும். எஞ்சின் ஓடினால், படகு ஆபத்தான இடத்தில் இல்லையென்றால், அதை நிறுத்தவும். ஆல்டர்னேட்டரும் ஒரு மின் மூலம்தான். பிறகு மெயின் ஸ்விட்ச். மின்சாரம் நின்றாலே பெரும்பாலான ஒயரிங் தீ வலுவிழந்துவிடும். பலகையை அகலத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள், காற்று புகுந்தால் குப்பென்று பிடிக்கும். சின்ன இடைவெளி வழியே உலர் பொடி அல்லது கரியமில வாயு அணைப்பானை அடியுங்கள். மெயின் ஸ்விட்ச் எஞ்சினுக்கு மேலே குனிந்து எட்ட வேண்டிய இடத்தில் இருந்தால், இன்றைக்கே இடம் மாற்றத் திட்டமிடுங்கள்.

மெயினை அணைத்த பிறகும் சில ஒயர்களில் உயிர் இருக்கும்: பில்ஜ் பம்ப், நேரே பேட்டரிக்குப் போகும் சார்ஜர், வெயில் இருக்கும்வரை நிற்காத சோலார் பலகை. இவற்றின் ஃபியூஸும் ஸ்விட்ச்சும் எங்கே என்று பேட்டரிப் பெட்டி மூடியின் உட்புறத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள், உங்களைத் தவிர இன்னொருவர் அணைக்க வேண்டி வரலாம்.